பின்னிருக்கையின் தொய்வு

ஒரு ஸ்பிரிங்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்டிருந்தால் ஒரு காலத்தில் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருப்பேன், இழுவிசை நீட்சிக்கு நேர்விகிதம், மீள்தன்மை எல்லை வரைக்கும்தான், எல்லைக்கு அப்பால் என்ன நடக்கும் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால் அது பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிடுவேன், இப்போது அந்த வராத கேள்விக்கு நேர் கீழே கராஜின் சீமெந்துத் தரையில் மல்லாந்து கிடக்கிறேன். முதுகுக்குக் கீழே பழைய கம்பளத் துண்டு, முகத்துக்கு மேலே பனிமேல் சறுக்கி ஓடும் எங்கள் பனி ஸ்கூட்டரின் பின்வயிறு, ஒட்டியிருந்த பனி உருகித் துளித்துளியாகக் காதுக்குள் இறங்குகிறது. பின்பக்கத்தில் இரண்டு முறுக்கு ஸ்பிரிங்குகள், ஒவ்வொன்றின் நீண்ட காலும் ஒரு சின்னக் கட்டையில் ஊன்றி நிற்கிறது, கட்டையை ஸ்பானரால் உருட்டினால் மென்மை, இன்னும் உருட்டினால் நடுத்தரம், அதற்கும் மேலே கடினம், விஷயம் இவ்வளவுதான். கையேடு இதை நோர்வே மொழியில் ஒரு பக்கமும் சுவீடன் மொழியில் அடுத்த பக்கமும் சொல்கிறது, நான் இரண்டையும் வாசித்து ஒப்பிட்டேன், இரண்டிலும் ஒரே படம் தலைகீழாக அச்சாகியிருப்பதைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டேன், ஆனால் நான் தேடியது இரண்டிலும் இல்லை. பின்னால் இருக்கப்போகிறவளின் முதுகெலும்புக்குப் பக்கத்தில் ஒரு செல் துண்டு, வெடித்த எறிகணையின் சிதறல், இருந்தால் கட்டையை எந்தப் பக்கம் உருட்ட வேண்டும்? அதை எந்த மொழியிலும் எழுதவில்லை.

நாளைக்குப் பொங்கல். நோர்வேயின் வடமுனையில், இந்தக் கடலோரச் சின்ன ஊரில், பொங்கல் வருகிற அன்று சூரியன் வருவதில்லை, கார்த்திகையில் போனால் தை பிறந்து சில நாள் கழித்துத்தான் திரும்பும், அதுவரைக்கும் மதியத்தில் தெற்கு வானம் கொஞ்சம் நீலமாகும், பிறகு அந்த எண்ணத்தையும் கைவிட்டுவிடும். இத்தனை வருஷமும் சமையலறை மின்விளக்குக்குத்தான் படைத்து வந்தோம், ஒருமுறை பால் பொங்கி அடுப்பில் வழிந்த புகையில் அலாரம் அலற, என் மனைவி ரூபி அசையாமல் நின்று, சங்கு ஊதினதாக நினைச்சுக் கொள்ளுங்கோ என்றாள். இந்த வருஷம் நான் கணக்குப் பார்த்தேன். கணக்குப் பார்ப்பதுதான் என்னிடமுள்ள ஒரே கெட்ட பழக்கம் என்று நான் சொல்வேன், ரூபி வேறு சிலவற்றையும் சேர்ப்பாள். ஊருக்குப் பின்னாலிருக்கும் மலைத்திட்டின் தெற்கு விளிம்பில் நின்றால் அடிவானம் கொஞ்சம் கீழே இறங்கும், குளிர்ந்த காற்று ஒளியைக் கொஞ்சம் வளைத்துக் கொடுக்கும், இரண்டையும் கூட்டினால் நாளை மதியம் நகக்கீற்றளவு சூரியன் தெரிய வேண்டும். அப்போதும் உண்மையான சூரியன் கீழேதான் இருக்கும், நாம் பார்ப்பது அங்கே இல்லாத ஒன்றின் பிம்பம் என்று இரவுச் சாப்பாட்டில் விளக்கினேன். ரூபி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, “இல்லாததைப் பாத்துக் கும்பிடுறது எங்களுக்குப் புதுசே?” என்றாள், பிறகு, “போவம்,” என்றாள். அவள் அப்படிச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்த்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன், ஏனென்றால் மேலே போக ஸ்கூட்டரை விட்டால் வழியில்லை, இலையுதிர்காலத்தில் எடுத்த ஸ்கானிலோ அந்தத் துண்டு நகர்ந்திருந்தது. டாக்டர் மெலிந்த இளம்பெண், திரையில் பேனா நுனியால் காட்டினாள், முன்பு இங்கே, இப்போது இங்கே, பேனா நகர்ந்ததையே நான் காணவில்லை, அவ்வளவு சின்னத் தூரம். வெட்டி எடுப்பது விட்டுவைப்பதைவிட ஆபத்து, வழக்கம்போல இருங்கள், பெரிய குலுக்கல்களை மட்டும் தவிருங்கள் என்றாள். பெரிய என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. ரூபி என் தொடையில் மெல்லக் கிள்ளினாள், எழும்புங்கோ என்று அர்த்தம்.

“அத்தான், உள்ளுக்கை நிக்கிறியளோ, இல்லாட்டி ஸ்கூட்டர் விழுங்கிட்டுதோ?” நிமலனின் சப்பாத்துகள் கராஜ் வாசலில் பனியை உதறுகின்றன. ரூபியின் தம்பி, நகரசபையின் பனி அள்ளும் லொறியை ஓட்டுகிறவன், ஊரில் தெரு தெரிவதே தன்னால்தான் என்ற நினைப்பு அவனுக்கு உண்டு, அது நியாயமானதும்கூட. கால் மட்டும் தெரிகிற என்னைப் பார்த்து, “மாஸ்டர் இன்னும் தியறியிலதான் நிக்கிறார்,” என்று தனக்கே சொல்லிக்கொள்கிறான். டேப்பைப் பிடி என்கிறேன். முதலில் பின்பக்கத்தை நன்றாகத் தூக்கிவிட்டு நிலத்திலிருந்து அளக்க வேண்டும், பிறகு ஆட்களை ஏற்றி அளக்க வேண்டும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தொய்வு, தொய்வு இல்லாமலும் கூடாது, மேடு வரும்போது மடங்கினால் மட்டும் போதாது, பள்ளம் வரும்போது நீண்டு இறங்கவும் ஸ்பிரிங்குக்கு இடம் வேண்டும் என்று நான் சொல்ல, “இதுக்கு ஒரு படம் கீறிக் காட்டுங்கோவன்,” என்று அவன் கொட்டாவி விடுகிறான். நான் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு ரூபியைக் கூப்பிட்டேன். வீட்டுச் சட்டைக்கு மேல் என் பெரிய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கையில் முந்திரிப்பருப்பு வறுத்த வாசனையோடு வந்தாள், வந்து, யோசிக்காமல், இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு, சரிவாக உட்கார்ந்தாள். நிமலன் சிரித்துவிட்டான். “அக்கா, உது சைக்கிள் கரியர் இல்லை.” சிரிப்பு பாதியில் நின்றது. ரூபி ஒரு காலைத் தூக்கி மறுபக்கம் போட்டாள். டேப் சுருண்டு உள்ளே போகிற சத்தம் மட்டும் கேட்டது. நிமலன் அளவைச் சொன்னான், நான் திருப்பிக் கேட்டேன், அவன் சொன்னது மீண்டும் என் காதில் ஏறவில்லை.

அவள் உள்ளே போனதும் கட்டைகள் இரண்டையும் ஆக மென்மையான பக்கத்துக்கு உருட்டினேன். வேறு என்ன செய்வேன், மென்மை என்றால் சுகம், சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது, தொட்டிலைக் கல்லில் செய்வதில்லை. ரூபியும் பொங்கல் பானையும் விறகுக்குப் பதிலான காஸ் அடுப்பும் எல்லாம் சேர்ந்தால் நிமலனின் பாரத்துக்குத்தான் வரும், ஆகவே நிமலனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலுள்ள உறைந்த ஏரிக்கு விட்டேன். நீல வெளிச்சத்தில் பனி எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும், மேடும் பள்ளமும் கண்ணுக்குப் பிடிபடாது, நிழல் விழ ஒரு சூரியன் வேண்டுமே. முதல் கொஞ்சத் தூரம் ஊஞ்சல்தான், நான் உள்ளுக்குள் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தேன், பிறகு கரையோரத்தில் காற்று அலை அலையாக இறுக்கி வைத்திருந்த பனி வந்தது, ஒன்று, அடுத்தது, அதற்கடுத்ததில் ஸ்பிரிங் முழுதாக மடங்கிவிட்டது, மடங்க இனி இடமில்லை, இரும்பு இரும்பில் மோதிய சத்தம் டங் என்று என் மண்டைக்குள் கேட்டது. “ஐயோ அத்தான், என்ரை பல்லு!” நிறுத்தினேன். நிமலன் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பனியில் வட்டமாக நடந்தான். “மாஸ்டர், இது சொகுசு இல்லை, கொலை. என்ன, பஞ்சு மெத்தைக்குக் கீழ கருங்கல்லை வைச்சிருக்கிறியள்.” சரியாகச் சொன்னான், இதைத்தான் அந்த வராத கேள்வி என்றேன், மென்மை தன் கையிருப்பை எல்லாம் சின்ன மேடுகளுக்கே கொடுத்துத் தீர்த்துவிடுகிறது, பெரியது வரும்போது அதனிடம் ஒன்றுமில்லை, வருகிற அடி அப்படியே ஏறுகிறது, எங்கே ஏறுகிறது, இருக்கைக்கு, இருக்கையிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து பேனா நுனி காட்டிய அந்த இடத்துக்கு.

அந்த இடத்தை எனக்குத் தெரியும், தெரியாது. இரவில் என் கை அவள் முதுகில் போகும்போது அங்கே வந்ததும் சுற்றிக்கொண்டு போகும், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கைக்கே தெரிகிறது. நான் அவளிடம் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது பண்பு என்று நினைத்திருந்தேன், இத்தனை வருஷமும் அந்தப் பண்பைப் பெருமையாகவே வைத்திருந்தேன், அவளோடு ஆக மென்மையான பக்கத்திலேயே ஓட்டியிருக்கிறேன். சொன்னவன் நிமலன்தான், ஒரு கலியாண வீட்டிலிருந்து திரும்பும் வழியில், பின்சீட்டில் ரூபி தூங்கிவிட்டாள் என்று உறுதியான பிறகு, குரலைத் தாழ்த்தி. போரில் ஊரை விட்டு ஓடிய நாளில் வல்லை வெளியைக் கடந்தார்களாம், மாமா, ரூபியின் அப்பா, சைக்கிளை மிதிக்கிறார், முன் பாரில் சின்னவன் நிமலன், பின் கரியரில் பதினேழு வயது ரூபி, சரிவாக, மடித்த சாக்கின் மேல். வல்லை வெளி எனக்குத் தெரியும், இரண்டு பக்கமும் உப்புத் தரவை, வெறும் நிலம், ஒதுங்க ஒரு மரமில்லை, அங்கே பேய் நடமாடும் என்று சின்ன வயதில் பயமுறுத்துவார்கள், நான் டியூசன் முடிந்து வரும்போது அதைக் கடக்க நியூட்டனின் விதிகளைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே மிதிப்பேன், மூன்றாவது விதி முடிவதற்குள் வெளி முடியாது. பின்னால் ஒரு செல் விழுந்ததாம். மாமா இன்னும் வேகமாக மிதித்தாராம், தெரு முழுக்கப் பள்ளம், பள்ளத்தை விலத்த நேரமில்லை, ஒவ்வொன்றிலும் சைக்கிள் தூக்கித் தூக்கிப் போட்டதாம், ஸ்பிரிங் இல்லாத கரியர். வெளியைத் தாண்டி, சந்தி தாண்டி, ஒரு கோயில் மடத்தில் நிறுத்தி இறங்கு பிள்ளை என்றபோதுதான் மாமா பார்த்தாராம், சாக்கு நனைந்திருந்தது. “வழி முழுக்க அக்கா ஒரு சத்தம் போடேல்ல அத்தான். சொன்னா அப்பா நிப்பாட்டுவார், நிப்பாட்டினா நாங்கள் மூண்டு பேரும்…” என்று நிமலன் நிறுத்தினான், நான் வைப்பரைப் போட்டேன், மழை பெய்யவில்லை.

ஆகவே நான் பயப்படுவது மேட்டுக்கும் பள்ளத்துக்குமல்ல, இதை இப்போது இந்தச் சீமெந்தில் திரும்பவும் மல்லாந்து கிடக்கும்போது தெளிவாகச் சொல்லிக்கொள்கிறேன், நான் பயப்படுவது அவள் சொல்லாமல் இருப்பதற்கு. நாளைக்கு அவள் எனக்குப் பின்னால் இருப்பாள். ஒரு குலுக்கல் வரும், பேனா நுனி அந்தக் கொஞ்சத் தூரம் நகரும், அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பாள், சூரியன் வந்திடும், நிப்பாட்டாதேங்கோ அப்பா என்று, என்னையும் அவள் அப்பா என்றுதான் கூப்பிடுவாள், அவளுக்குள் ஏதோ ஒன்று முடிவு செய்யும், நான் ஹெல்மெட்டுக்குள் ஒளி முறிவைப் பற்றி யோசித்துக்கொண்டு விட்டுக்கொண்டே போவேன், மேலே போய், இறங்கும் ரூபி என்று சொல்லித் திரும்பிப் பார்க்கும்போது, திரும்பிப் பார்க்கும்போது, அதற்கு மேல் என் மனம் போகமாட்டேன் என்கிறது, போகவும் மாட்டாது, நிற்கவும் மாட்டாது, அதே இடத்தில் பல் உடைந்த சக்கரம் மாதிரி விழுந்து விழுந்து எழும்புகிறது. மாமா எத்தனை காலம் மனசுக்குள் அந்தத் தெருவை மிதித்திருப்பார். மனிதர் என்னோடு போனில் பேசும்போதெல்லாம், பிள்ளை சுகமோ என்று கேட்டுவிட்டு, பதிலுக்குப் பிறகும் கொஞ்ச நேரம் லைனில் நிற்பார், நான் அதைத் தொலைத்தொடர்புக் கோளாறு என்று நினைத்தேன். ஸ்பானர் கட்டையில் ஏறிவிட்டது, கடினமான பக்கம் உருட்ட வேண்டும், கையேடும் நிமலனின் பல்லும் அதைத்தான் சொல்கின்றன, எனக்கும் சந்தேகமில்லை, சூத்திரம் சரி, கைதான் வரவில்லை. அவள் உட்காரப்போகிற இடத்தை என் கையாலேயே கடினமாக்குவதா? நடுத்தரத்துக்குக் கொண்டுவந்தேன், திரும்ப மென்மைக்கு விட்டேன், திரும்ப நடுத்தரம். “அத்தான், கட்டை தேயப்போகுது,” என்றான் நிமலன் வாசலிலிருந்து.

“என்னடா நடக்குது?” ரூபியின் குரல். “ஒண்டுமில்லை அக்கா, அத்தான் ஸ்பிரிங்கோட பேச்சுவார்த்தை நடத்துறார்.” நான் கீழேயிருந்து வெளியே ஊர்ந்து வந்தேன். அவள் முழுதாக உடுத்திருந்தாள், தடித்த காற்சட்டை, சப்பாத்து, கையில் இரண்டு ஹெல்மெட். “ஏன் இந்தக் குளிருக்குள்ள வந்தனீர், நாளைக்குத்தானே,” என்றேன். “நாளைக்குப் பானையோட பழக ஏலாது. இண்டைக்கே ஒருக்கா ஓடிப் பாக்கவேணும். விலத்துங்கோ.” “ஏறி இரும், நான் மெல்லமா…” “நான் முன்னுக்கு.” எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. “நீரோ?” என்றேன். “ஏன், லைசன்ஸ் எடுத்தனான்தானே. உங்களோட ஒரே நாள் சோதினை. நான் பாஸ். நீங்கள் கேள்வியே பிழை எண்டு நிண்டு வாதாடிப் பெயில், அடுத்த முறைதான் பாஸ்.” நிமலன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றான். அந்தக் கேள்வி பிழைதான், இன்னும் சொல்வேன், ஆனால் சொல்ல வேண்டிய வேளை அதுவல்ல. “டாக்டர் என்ன சொன்னவ ரூபி?” என்றேன். “குலுக்கலைத் தவிர்க்கச் சொன்னவ. வாறதைப் பாக்க வேண்டாம் எண்டு சொல்லேல்ல.” ஹெல்மெட் ஒன்றை என் கையில் திணித்தாள். “பின்னால இருந்தா பள்ளம் வாறது தெரியாது அப்பா. உங்கட முதுகைத்தான் பாத்துக்கொண்டிருக்கோணும். முன்னால இருந்தா தெரியும், தெரிஞ்சா எழும்புவன். எனக்கு முழங்கால் இருக்குதானே.” சாதாரணமாகத்தான் சொன்னாள், கடையில் கத்தரிக்காய் பொறுக்குகிற குரலில். நிமலன் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டு, சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

முழங்காலைவிட நல்ல ஸ்பிரிங் இதுவரை யாரும் செய்யவில்லை. ஓட்டுகிறவர் எழுந்து நிற்கலாம், பின்னால் இருப்பவருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை சொல்லுங்கள் என்று இரண்டு மொழியிலும் இருந்தது, இரண்டையும் வாசித்தேன், ஓட்டுகிறவர் என்ற சொல்லில் என் முகத்தையே வைத்து வாசித்தேன். இனி எல்லாக் கணக்கும் மாறுகிறது. பின்னால் என் பாரம், அவளுடையதைவிட மிக அதிகம், பின்பக்கம் அமுங்கினால் முன்னாலுள்ள சறுக்குப் பலகைகள் லேசாகும், லேசானால் வளைவில் அவள் திருப்பினாலும் ஸ்கூட்டர் நேரே போகும், ஆகவே பின்னால் கடினம், நடுவிலுள்ள வாரை ஒரு துளை இறுக்கினால் பாரம் முன்பக்கம் சரியும். மீண்டும் கீழே போய் வாரை இறுக்கினேன். ஸ்பானரை ஏற்றினேன். எனக்கென்றதும் கட்டை ஒரே மூச்சில் கடினத்துக்கு உருண்டது, அது எனக்கு வியப்பாயிருந்தது, கொஞ்சம் வெட்கமாயும். “கெதியா அப்பா, வெளிச்சம் போகுது,” என்றாள். போகிறதற்கு எங்கே வெளிச்சம் இருந்தது என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

பின்னால் உட்கார்ந்து பார்த்தபோது உலகம் ஒரு ஜாக்கெட்டின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. என் பழைய ஜாக்கெட், முதுகில் மீன் தொழிற்சாலையின் மங்கிய முத்திரை, அதற்குள் அவள், அவளுக்குள் அது, என் நெஞ்சுக்கும் அதற்குமிடையில் சில துணிகள் மட்டும், இவ்வளவு கிட்டத்தில் வெளிச்சத்தில் நான் அதற்கு முகம் கொடுத்து இருந்ததில்லை. பக்கத்துப் பிடிகளை இறுக்கிக்கொண்டேன். நிமலன் கை காட்டினான், “அத்தான், நியூட்டனைச் சொல்லிக்கொண்டு போங்கோ!” என்று கத்தினான், அதை எப்போது அவனுக்குச் சொன்னேன் என்று யோசிப்பதற்குள் ஸ்கூட்டர் கராஜிலிருந்து நழுவி, வேலியோரம் வளைந்து, ஏரிக்கு இறங்கியது. அவள் வளைவில் உடம்பைச் சாய்த்தாள், பலகைகள் பனியைக் கடித்துத் திரும்பின, வார் சரி, கணக்குச் சரி, ஆனால் எனக்கு எதுவும் தெரியவில்லை, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தால் நீலம், பக்கத்தில் பார்த்தால் நீலம், எங்கே மேடு, எவ்வளவு கிட்ட, ஒன்றும் தெரியாமல் உடம்பு முழுக்க ஒரு காதாகக் காத்திருந்தது. இப்படியா இருந்திருக்கும்? ஒவ்வொரு கணமும் பின்கழுத்தில், இப்போ, இப்போ, இப்போ என்று. “மேடு!” என்று கத்திக்கொண்டே அவள் எழும்பினாள், முழங்கால்கள் மடிந்து நீண்டன, அவளுக்குக் கீழே ஸ்கூட்டர் ஏறி இறங்கியது அவளுக்குத் தெரிந்திருக்கவே மாட்டாது, நான் பிந்தி எழும்பிப் பிந்தி விழுந்தேன். மறுபடியும், “மேடு!” இந்த முறை சேர்ந்து எழும்பினோம். சிரிக்கிறாள் போலிருந்தது, ஜாக்கெட் குலுங்கியது, அல்லது என்ஜின். பிறகு அவளுக்கும் தெரியாத ஒன்று வந்தது, புதுப்பனி மூடிய பள்ளம், முன்பக்கம் விழுந்தது, அவள் எப்படியோ கால்களில் நின்றிருந்தாள், பின்பக்கம் வந்து அறைந்தபோது முழுவதும் எனக்கே வந்தது, கடினத்துக்கு உருட்டிய ஸ்பிரிங் அடி தட்டாமல் தாங்கியும்கூட, இடுப்பு நாரியிலிருந்து பின்மண்டை வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது, கண்ணில் நீர் வந்து இமையில் உறைந்தது. அவள் தலையைத் திருப்பாமல் உரத்துக் கேட்டாள்: “என்னப்பா, நொந்ததே?”

“இல்லை,” என்றேன்.

எனக்கு முன்னால் அந்தச் சொல் போய்விட்டது. யோசித்துச் சொல்லவில்லை, வீரத்துக்குச் சொல்லவில்லை, சொன்னால் அவள் நிறுத்துவாள், நிறுத்தினால் அவளுடைய அந்தச் சிரிப்பு நின்றுவிடும், அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றுமில்லை, எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வேக விசையிலிருந்து பெருவிரலை எடுத்தாள். ஸ்கூட்டர் நடக்கிற வேகத்துக்கு வந்தது, பனி பலகைகளுக்குக் கீழே கரகரவென்று அரைபடுகிற சத்தம் கேட்டது.

“அப்ப மெல்லப் போவம்,” என்றாள்.